கொலைகாரனின் அக்கா

போர்வையின் நான்கு மூலைகளும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காரும்வரை கிளெண்டா ஆர்மராட் யாருக்கும் பதில் சொல்வதில்லை. திங்கட்கிழமை காலையில் சலவைக்கடைக்குள் நுழைகிறவர்கள் துணி மூட்டையை இறக்கி வைப்பதற்கு முன்பே, "நேத்து பாத்தியா?" என்று ஆரம்பித்துவிடுவார்கள். அவள் நிதானமாக மடித்து, நீவி, காகிதத்தில் சுற்றி, பெயர்ச்சீட்டைக் குத்திவிட்டு, அப்புறம்தான் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு திரும்புவாள்.

"பாத்தேன். நம்ம கிளைவ் எப்படி இருந்தான்?"

வந்தவர்கள் கேட்டது கிளைவைப் பற்றி அல்ல, கொலையைப் பற்றி. ஆனால் கிளெண்டாவின் கடையில் முதலில் கிளைவ், பிறகுதான் கொலை.

அமெரிக்கக்காரர்கள் 'வறண்ட ஆறு' என்று ஒரு தொடர் எடுத்தார்கள். பாலைவனத்துச் சிற்றூர். தண்ணீர் வற்றிய ஆற்று மணலில் ஒரு பெண்ணின் பிணம். பெரிய தொப்பி வைத்த போலீஸ் அதிகாரி ஒருவர் ஒவ்வொரு கதவாக உதைத்துத் திறந்து எட்டு வாரம் கொலைகாரனைத் தேடுவார். அதையே நம் இங்கிலாந்துக்காரர்கள் மறுபடி எடுக்க நினைத்தபோது, லாங்கஷயரில் வறண்ட ஆற்றுக்கு எங்கே போவது? 'ஓடை' என்று பெயர் வைத்து, எங்கள் பள்ளத்தாக்கிலேயே எடுத்தார்கள். முதல் வாரத்தில் பாதி நேரம் பிணத்தைத் தேடுவதிலேயே போய்விட்டது. மழைத்தண்ணீர் அதை அடுத்த ஊருக்கு அடித்துக்கொண்டு போயிருந்தது.

நம் இன்ஸ்பெக்டர் அம்மாள் கதவை உதைப்பதில்லை. மணியை அடித்துவிட்டுக் காத்திருப்பாள். மிதியடியில் காலைத் துடைத்துக்கொண்டு, சமயம் தெரியாமல் வந்ததற்கு மன்னிப்புக் கேட்டபடி உள்ளே போவாள். பெண்ணைப் பறிகொடுத்த தாய் எழுந்துபோய் தேநீர் போடுவாள். சந்தேகத்துக்கு உள்ளானவர்களும் தேநீர் போடுவார்கள். ஒருவன் மட்டும் போடவில்லை. அவன்தான் கொலைகாரன் என்று ஊரில் பாதிப் பேர் அப்போதே முடிவு கட்டினார்கள்.

ஊருக்கு இருந்த குறைகள் வேறு. ஆஸ்பத்திரிக்குப் போகாத பஸ்ஸில் ஏறி இன்ஸ்பெக்டரின் உதவியாளர் ஆஸ்பத்திரியில் இறங்கினார். பிணத்தைப் பார்த்து மயங்கி விழுந்தவருக்குக் கொடுத்த தேநீரில் தேயிலைப் பையை எடுக்காமலே பாலை ஊற்றினார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, லாங்கஷயர் இன்ஸ்பெக்டர் வாயைத் திறந்தால் யார்க்ஷயர் பேச்சு வந்தது. மலைக்கு அந்தப் பக்கத்துப் பேச்சு; இரண்டு பக்கத்துக்கும் தலைமுறை தலைமுறையாக ஆகாது. ஓய்வுபெற்ற பஸ் பரிசோதகர் நாரிஸ் பிக்கப் இதைக் கேட்டதும் தொலைக்காட்சியை அணைத்துவிட்டார். பிறகு மனசு கேட்காமல் மறுபடி போட்டாராம். "செத்தவளுக்கே அவமானம் இது. கொலையை ஒத்துக்கிட்டாலும் ஒத்துக்கலாம், இதை எப்படி ஒத்துக்கறது?" என்று சலவைக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, சுழலும் தன் சட்டைகளைப் பார்த்தபடி சொன்னார்.

நாரிஸ் அமெரிக்கக் கட்சி. மூலத் தொடரின் டிவிடி வட்டுகள் அடங்கிய பெட்டி அவரிடம் உண்டு. "அங்க துப்பாக்கி. இங்க குடை" என்பதுதான் அவருடைய விமரிசனம் முழுவதும். அதை வாராவாரம் வேறு வேறு குரலில் சொல்வார்.

கிளெண்டா அவரை மறுத்துப் பேசுவாள். கதையைப் பற்றி அவளுக்குப் பெரிய அபிப்பிராயம் ஒன்றும் இல்லை. ஆனால் அந்தத் தொடரில் பால்காரனாக வருவது அவளுடைய தம்பி.

அவளுக்கு அறுபத்தைந்து வயது, அவனுக்கு ஐம்பத்தாறு. அம்மாவுக்குச் செருப்புத் தொழிற்சாலையில் வேலை. கிளைவுக்குத் தலை வாரி, ஷூ லேஸ் கட்டிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியவள் கிளெண்டாதான். பதினைந்து வயதில் தன் படிப்பை நிறுத்திவிட்டு அவள் சலவைக்கடைக்கு வந்தாள். அதைப் பற்றிக் கேட்டால், "படிச்சிருந்தா எனக்கு மடிக்க வந்திருக்குமா?" என்பாள். கல்யாணம் இரண்டு முறை பேசி நின்றது. ஒரு முறை, மாப்பிள்ளை மடிக்காமல் கழற்றிப் போட்ட கோட்டை அவள் பார்த்தபிறகு.

கிளைவ் நகராட்சி வீடுகளில், அறைகளைச் சூடாக்கும் வெந்நீர்க் கொதிகலன் பழுதுபார்க்கிறவன். பெரிய உடம்பு, பஞ்சு மாதிரிக் கைகள். யாராவது நேராகப் பார்த்துப் பேசினால் கழுத்திலிருந்து காதுவரை சிவந்துவிடுவான். அப்படிப்பட்டவனுக்கு நாடகப் பைத்தியம். தேவாலயக் கூடத்தில் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் போடும் கூத்தில் மாட்டின் பின்னங்கால்கள் அவன்தான். ஒரே மாட்டுத்தோலுக்குள் நுழையும் இருவரில் முன்னங்கால்களுக்கு வேறு ஆள். முன்னங்கால் ஆசாமிக்கு முதுகுவலி வந்த வருஷத்தில்கூட கிளைவை முன்னே விடவில்லை. பின்னங்காலுக்கு அவனை மாதிரி ஆள் கிடைக்காது என்று சொல்லிவிட்டார்கள். கிளெண்டா முதல் வரிசையில் உட்கார்ந்து, பக்கத்தில் இருப்பவரிடம், "பின்னங்கால் எப்படி வளையுது பாத்தீங்களா, அது நம்ம கிளைவ்" என்பாள். மாட்டுத்தோலைக் கழற்றிக்கொண்டு வணங்க வருவதற்குள் பாதிக் கூட்டம் கோட்டை மாட்டிக்கொண்டு போயிருக்கும். இத்தனை வருஷமாக அவன் மேடையில் இருந்தும் ஊர் அவன் முகத்தைப் பார்த்ததில்லை. அவளுக்கு அதுதான் உறுத்தல்.

படமெடுக்க வந்தவர்கள் அந்தக் கூடத்தில்தான் தங்கினார்கள். கொதிகலன் நின்றுபோனது. பழுதுபார்க்க வந்த கிளைவ் ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே குழாய்களுக்கு நடுவே நுழைந்து வெளியே வந்தான். பார்த்துக்கொண்டிருந்த இயக்குநர் பெண்மணி, பாலைக் கொண்டுவந்து வாசலில் வைக்க முடியுமா என்று கேட்டாள். அப்படித்தான் வேஷம் கிடைத்தது. வாரத்துக்கு ஒரு காட்சி. வண்டியிலிருந்து இறங்குவான், வாசலில் பாட்டிலை வைப்பான், "மார்னிங், கண்ணு" என்பான், போய்விடுவான்.

கிளெண்டாவுக்கு அதுவே ஒரு நாடகம். இரண்டாம் வாரத்தில் அவனுடைய வெள்ளைக் கோட்டின் இடது கையில் இரட்டை மடிப்பு விழுந்திருந்ததைக் கண்டுபிடித்துவிட்டாள். அந்த இஸ்திரி யார் போட்டது, தன்னிடம் கொடுத்திருந்தால் ஆகாதா என்று கிளைவிடம் கேட்டாள். படமெல்லாம் கோடையிலேயே எடுத்து முடித்தாயிற்று என்று அவன் சொன்னதை அவள் ஒரு சமாதானமாக ஏற்றுக்கொள்ளவில்லை.

"பால் பாட்டிலை வெக்கிறான், போறான். இதுக்கு இவ்வளவா?" என்றார் நாரிஸ்.

"எப்படி வெக்கிறான்னு பாத்தியா? சத்தமே வராம. நீ வெச்சா தெருவே எந்திரிச்சிருக்கும்."

நாரிஸ் மறுநாளே தன் பெட்டியைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். ஒழுங்கான தொடர் எப்படி இருக்கும் என்று பார்த்துவிட்டு அப்புறம் பேசச் சொன்னார்.

அந்த வாரம் முழுக்க மாலையில் வீட்டில் இஸ்திரி போட்டுக்கொண்டே கிளெண்டா 'வறண்ட ஆறு' பார்த்தாள். தொப்பிக்காரர் உதைத்த கதவுகளை யார் சரிசெய்து கொடுப்பார்கள் என்ற கவலை அவளுக்குக் கடைசிவரை தீரவில்லை. பால்காரன் யாரையும் காணோம். அதற்குப் பதிலாக ஒரு தபால்காரன் வந்தான். வாரம் ஒரு காட்சி. தபாலை வைத்துவிட்டு, "மார்னிங், மேடம்" என்று சிரிப்பான், போய்விடுவான். கடைசி வட்டில், தொப்பிக்காரர் மணலில் மண்டியிட்டு எதையோ எடுத்துப் பார்த்து, மெல்லத் தலை நிமிர்ந்தார். எதிரே தபால்பையோடு அவன் நின்றான். சிரிப்பு அப்படியே இருந்தது. அவன்தான் கொலைகாரன்.

கிளெண்டா வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு தலையணை உறையைக் கருக்கினாள்.

விடிந்ததும் தம்பி வீட்டுக் கதவைத் தட்டினாள். அவன் கையில் ரொட்டியோடு வந்து நின்றான்.

"நீதானே?"

"என்ன நானு?"

"கொன்னது."

கிளைவின் கழுத்திலிருந்து சிவப்பு ஏறி, காதைத் தாண்டி, வழுக்கை வரை போனது. "ஒண்ணும் கேக்காத, கிளெண்டா. வெளிய சொல்லமாட்டேன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன்" என்றான். அவளுக்கு அது போதும். அவன் ரொட்டியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, உள்ளே போய் முட்டை பொரித்துக் கொடுத்துவிட்டுத்தான் கடைக்கு வந்தாள்.

அன்றிலிருந்து அவள் நடையே மாறிவிட்டது. ரகசியத்தை யாரிடமும் சொல்லவில்லை. கடைசி ஞாயிற்றுக்கிழமை எங்கும் போகாதீர்கள் என்று மட்டும் சொன்னாள். அதைச் சொல்லும்போது கண்ணைச் சிமிட்டினாள். அவளுக்கு ஒற்றைக் கண் சிமிட்ட வராது; இரண்டு கண்களும் சேர்ந்து மூடும். ஊருக்குப் புரிந்துவிட்டது. நாரிஸுக்கு அது முன்பே தெரியும் என்றாலும், மலைக்கு அந்தப் பக்கத்துப் பேச்சு பேசுகிற இன்ஸ்பெக்டர் கொலைகாரனைக் கண்டுபிடிக்கவே மாட்டாள் என்று நம்பியிருந்தார்.

ஆறாம் வாரத்தில் நல்ல குளிர். கிளெண்டாவின் பக்கத்து வீட்டு பாலின் என்ட்விசிலின் கொதிகலன் நின்றது. நகராட்சி கிளைவை அனுப்பியது. பாலின் கதவைச் சங்கிலியோடு திறந்து பார்த்தாள். வீட்டில் தான் தனியாக இருப்பதாகவும், அண்ணன் ஊரிலிருந்து வந்தபிறகு வரும்படியும் சொல்லி அனுப்பிவிட்டாள். அவளுக்கு அண்ணன் கிடையாது. இரண்டு ஸ்வெட்டரும் ஒரு தொப்பியும் போட்டுக்கொண்டு நாட்களை ஓட்டினாள். கிளைவுக்கு வருத்தம் தாங்கவில்லை. இருபது வருஷமாக அந்த வீட்டுக் குழாய்களைப் பார்த்துக்கொண்டவன் அவன். கிளெண்டாவோ இதைக் கேட்டுப் பூரித்துப்போனாள்.

"பயந்துட்டா பாரு. வெறும் பால் பாட்டில்லயே பயந்துட்டா."

"அவ குளிர்ல கெடக்கா, கிளெண்டா."

"கெடக்கட்டும். உன் நடிப்புக்கு அதைவிட என்னடா பாராட்டு வேணும்?"

கிளைவ் பிறகு இரண்டு மூன்று முறை அவளிடம் ஏதோ சொல்ல வந்தான். சலவைக்கடை வாசலில் நின்று தொப்பியைக் கையில் உருட்டினான். ரொம்ப எதிர்பார்க்கவேண்டாம், அது வெறும் டிவி, அமெரிக்கக்காரர்கள் ஒரு மாதிரி, நம்மவர்கள் ஒரு மாதிரி என்று சுற்றி வளைத்தான். நேராகச் சொல்ல அந்தக் கையெழுத்து விடவில்லை. கிளெண்டா பெஞ்சில் இருந்தவர்களைப் பார்த்து, "எவ்வளவு அடக்கமா இருக்கான் பாத்தீங்களா?" என்றாள்.

கடைசி ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டு முன்னறையில் நாற்காலி போதவில்லை. பன்றியிறைச்சியை மாவில் பொதிந்து சுட்ட 'பை', ஊறவைத்த வெங்காயம், கிறிஸ்துமஸுக்கு மட்டும் திறக்கிற செர்ரி மது எல்லாம் மேஜைமேல் இருந்தன. நடுவில் மின்சாரம் போய்விட்டால் என்ன செய்வது என்று பதிவும் போட்டுவிட்டிருந்தாள். நாரிஸ் நல்ல நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். பாலின் முன்னெச்சரிக்கையாகக் கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கிளைவ் மட்டும் வரவில்லை. கிளெண்டா போய் இழுத்துக்கொண்டு வந்தாள். கழுத்துப்பட்டை கட்டிவிட்டு, எல்லாருக்கும் முகம் தெரிகிற இடமாகப் பார்த்து உட்காரவைத்தாள்.

விளம்பர இடைவேளையில் யாரும் தேநீர் போடக்கூட எழுந்திருக்கவில்லை. அந்தத் தெருவில் அது பெரிய விஷயம்.

திரையில் இன்ஸ்பெக்டர் மழையில் குடை பிடித்துக்கொண்டு சந்தில் ஏறினாள். மேலேயிருந்து பால் வண்டி இறங்கிவந்தது. கிளைவ் வண்டியை நிறுத்தி இறங்கினான். இருவரும் நேருக்கு நேர் நின்றார்கள். பாலின் தன் நாற்காலியைக் கதவுப் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தினாள். கிளெண்டா திரையைப் பார்க்கவில்லை. அறையில் இருந்தவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மார்னிங், கண்ணு" என்றான் திரையில் இருந்த கிளைவ்.

இன்ஸ்பெக்டரும் காலை வணக்கம் சொன்னாள். அவனைக் கடந்து போனாள். அடுத்த வீட்டு மணியை அடித்தாள், காலைத் துடைத்தாள், மன்னிப்புக் கேட்டாள், பள்ளித் தலைமையாசிரியையைக் கைது செய்தாள்.

நாரிஸ் எழுந்து நின்றார்.

"மாத்திட்டானுங்க. தபால்காரன்தான் கொலைகாரன். உலகத்துக்கே தெரியும். இவனுங்க யாரு மாத்தறதுக்கு?"

எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். தலைமையாசிரியைக்குக் காரணமே இல்லை என்று ஒருவர். முதல் வாரமே தான் சொன்னதாக இன்னொருவர். எது எப்படியானாலும் போலீஸ் வண்டி தப்பான பக்கம் திரும்புகிறது, அந்தச் சந்து அடைப்பு என்று மற்றொருவர். அமளியில் பாலின் எழுந்துவந்து, கதவோரத்து நாற்காலியை விட்டுவிட்டு கிளைவின் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். அவன் முழங்காலைத் தட்டினாள்.

"எனக்கு அப்பவே தெரியும். நம்ம கிளைவாவது, கொலை செய்யறதாவது? ஒரு ஈயை அடிக்க மாட்டான். நாளைக்குக் காலைல வந்து கொதிகலனைப் பாத்துடு கண்ணு, என்ன?"

கிளைவ் நிம்மதியாகத் தலையாட்டினான். கிளெண்டாவுக்கு யாரோ அவனை மறுபடி மாட்டுத்தோலுக்குள் திணித்தது போல இருந்தது. செர்ரி மதுவின் மூடியை எடுத்து மெதுவாக, சரியாக, இறுக்கித் திருகினாள். அப்புறம்தான் தம்பியைப் பார்த்தாள்.

"ஏன்டா? ஏன் நீ இல்ல?"

கிளைவ் தொடர் முடிந்துவிட்டதா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டான். கையெழுத்து காலாவதியான மாதிரி அவன் தோள்கள் தளர்ந்தன.

"நான்தான்னுதான் எழுதியிருந்தாங்க, கிளெண்டா. மொதல்ல அப்படித்தான் இருந்துச்சு. ஓடைக்கரையில நான் நின்னு சிரிக்கணும். ரெண்டு நாள் எடுத்தாங்க. எத்தனை தடவை சிரிச்சேன்னு எனக்கே தெரியாது. டைரக்டரம்மா கடைசியில கேமராவை நிறுத்திட்டு சொன்னாங்க, இந்த ஆளு கொன்னான்னு சொன்னா இந்த நாட்டுல ஒருத்தரும் நம்ப மாட்டாங்கன்னு. அப்புறம்தான் டீச்சரம்மாதான் கொன்னாங்கன்னு மாத்தினாங்க."

நாரிஸ் கையில் 'பை' துண்டோடு அப்படியே நின்றார்.

"அப்போ, கதையைக் கெடுத்தது நீதானா?"

"மன்னிச்சுக்கங்க, நாரிஸ்" என்றான் கிளைவ். உண்மையிலேயே வருத்தப்பட்டுச் சொன்னான். பிறகு அக்கா பக்கம் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், "கடைசிக் காட்சியை என் மேலதான் முடிச்சாங்க. வேற யாரும் இல்ல, நான் மட்டும்தான். நீங்கள்லாம் பேசிட்டு இருந்தீங்க, அதான் பாக்கலை" என்றான்.

கிளெண்டா எழுந்தாள். ரிமோட்டை எடுத்து, கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, பொத்தானைத் தேடிப் பிடித்துத் தொடரைப் பின்னால் ஓட்டினாள். பெயர்கள் மேலிருந்து கீழே இறங்கின. போலீஸ் வண்டி பின்பக்கமாகச் சந்துக்குள் வந்தது. விட்ட இடத்திலிருந்து ஓடவிட்டாள்.

வண்டி போன பிறகு தெரு காலியாக இருந்தது. கிளைவ் தலைமையாசிரியையின் வாசலுக்கு வந்தான். காலி பாட்டிலை எடுத்தான். இனி அந்தப் பாலைக் குடிக்க உள்ளே யாரும் இல்லை என்பது அவனுக்குத் தெரியும். கொஞ்சம் யோசித்தான். ஆனாலும் குனிந்து, நிறைந்த பாட்டிலை வைத்தான், சத்தமே வராமல். நிமிர்ந்தபோது அந்தப் பெரிய, சாதுவான முகம் திரை முழுக்க நிறைந்தது. மூக்கு நுனியிலிருந்து மழை சொட்டியது.

கிளெண்டா பொத்தானை அழுத்தி அந்த முகத்தை அப்படியே நிறுத்தினாள்.

"அது காலையில ரொம்ப சீக்கிரம் எடுத்தது. குளிர்" என்று முணுமுணுத்தான் கிளைவ். எல்லாரும் திரையையே பார்த்தார்கள். நாரிஸ்கூட உட்கார்ந்துவிட்டார்.

வெளியே மதுக்கடையிலிருந்து ஆட்கள் பேசிக்கொண்டு தெருவில் வரும் சத்தம் கேட்டது. கிளெண்டா தொலைக்காட்சிப் பெட்டியை அதன் மேஜையோடு ஒரு சாண் ஜன்னல் பக்கமாகத் திருப்பினாள். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தாள். இன்னும் இரண்டு விரல் திருப்பினாள். பிறகு ஜன்னலுக்குப் போய், விளக்கு எரிகிற நேரத்தில் அந்தத் தெருவில் யாரும் செய்யாத காரியமாக, திரைச்சீலைகளை இரண்டு பக்கமும் கோடி வரைக்கும் இழுத்துத் திறந்துவிட்டாள்.